சில்லுகளின் தலையெழுத்து

பழைய கணிப்பொறிகளின் நுண்செயலிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். தபால்தலை சேர்ப்போருக்கும் நாணயம் சேர்ப்போருக்கும் வாய்த்த பொறுமையும் பிடிவாதமும் இவர்களுக்கும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு சில்லுகளில் ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்குவர். மற்றதைத் திரும்பியும் பாரார். வேறுபாடு யாது என வினவினால், உறையின் மேற்புறத்தில் அச்சிடப்பட்ட ஓர் எழுத்தையோ எண்ணையோ சுட்டுவர். எழுத்துகளுக்கு இவ்வளவு மதிப்பா என்று வியப்போர் உண்டு. ஏட்டுச் சுவடிகளில் ஒரு புள்ளி விடுபட்டதற்கும், ஓர் ஒற்று மிகுந்ததற்கும் பக்கம் பக்கமாக வாதிட்ட மரபில் வந்த நமக்கு அந்த வியப்பு எழ வேண்டியதில்லை. பாடபேதம் என்பது நூலுக்கு மட்டும் உரியதன்று. ஒரே பொருளைப் பல கைகள் பல காலங்களில் படியெடுக்கும் இடமெல்லாம் அது தோன்றும்.

நுண்செயலியின் தலையில் உள்ள எழுத்தை வாசிப்பது எப்படி என்பதைச் சொல்வது இக்கட்டுரையின் ஒரு நோக்கம். மற்றொன்று அதனினும் முதன்மையானது. ஒரு நிறுவனம் தன் பொருளின்மீது எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு வெளிப்படையான சொல்லில் தொடங்கி, மூடிய குறியீட்டில் முடிகிறது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து.

முதலில் அரிச்சுவடி

இன்டெல் நிறுவனத்தின் 4004 என்னும் சில்லிலிருந்து தொடங்குவது வழக்கம். பிசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் பொறிக்காக உருவாக்கப்பட்டு, 1971 நவம்பரில் பொதுச்சந்தைக்கென அறிவிக்கப்பட்டது அது. ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்களும் 16 கால்களும் கொண்டது. அதன் முன்னொட்டில்தான் முதற்பாடம் இருக்கிறது. 'சி4004' என்றிருந்தால் பீங்கான் உறை. 'டி4004' என்றிருந்தால் இரு பீங்கான் தகடுகளைக் கண்ணாடிப் பூச்சால் ஒட்டிய மலிவான உறை. 'பி4004' என்றிருந்தால் பிளாஸ்டிக் உறை. உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டு மூன்றிலும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஆயினும் சேகரிப்போர் பெரிதும் விரும்புவது சி4004-ஐத்தான். அதிலும் வெண்பீங்கானின் அடியில் சாம்பல்நிறக் கோடுகள் ஊடுருவித் தெரியும் முற்காலப் படிக்கே முதலிடம். பொன்மூடியும் வெள்ளை உடலும் சாம்பல் நரம்புகளுமாக அது ஓர் அணிகலன்போல இருக்கும்.

முன்னொட்டு உறையைச் சொல்லுமானால், பின்னொட்டு வேகத்தைச் சொல்லும். 1972-இல் வெளிவந்த 8008-இன் வேகம் விநாடிக்கு 5 லட்சம் துடிப்புகள். அதே சில்லில் '8008-1' என எழுதியிருந்தால் 8 லட்சம் துடிப்புகள். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. 8086-இன் இயல்பு வேகம் 5 மெகாஹெர்ட்ஸ். 8086-2 என்பது 8 மெகாஹெர்ட்ஸ். 8086-1 என்பதோ 10 மெகாஹெர்ட்ஸ். அதாவது எண் சிறியதானால் வேகம் மிகும். வகுப்பில் முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்பதுபோல் வரிசையைக் குறித்த எண் அது; அளவைக் குறித்ததன்று. பின்னர் இம்முறை கைவிடப்பட்டது. '80386-16' என்றால் 16 மெகாஹெர்ட்ஸ் என்றே பொருள். ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்தில், ஒரு சிறுகோட்டுக்கு அப்பால் நிற்கும் எண் பத்தாண்டுக்குள் பொருள் மாறிவிட்டது. சொற்பொருள் மாற்றத்தைப் பாடமாக நடத்துவோர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

எண்ணை அடுத்து ஒட்டும் எழுத்தும் பொருளற்றதன்று. 1974-இல் வந்த 8080, குறைந்த மின்னாற்றலில் இயங்கும் துணைச் சில்லுகளை மட்டுமே இயக்க வல்லதாக இருந்தது. சந்தையில் பரவலாக இருந்த வழக்கமான சில்லுகளோடு அது ஒத்துப்போகவில்லை. குறை திருத்தப்பட்டு வந்த மறுபடிக்கு '8080ஏ' என்று பெயர். பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது இந்த 'ஏ' படிதான். ஆகவே அந்த எழுத்து இல்லாத 8080 அரிதாயிற்று. திருத்திய பதிப்பு எங்கும் கிடைக்கிறது; பிழையோடு வந்த முதற்பதிப்புக்கே விலை அதிகம். புத்தகம் சேர்ப்போர் இதைக் கேட்டுப் புன்னகைப்பர்.

ஆண்டு என்னும் பொறி

சில்லின்மீது இருவகை ஆண்டுகள் காணப்படும். அவற்றைக் குழப்பிக்கொள்வதே இத்துறையில் மிகுதியாக நிகழ்வது. ஒன்று, செய்த காலம். பெரும்பாலும் நான்கு இலக்கங்கள்: '7842' என்றால் 1978-ஆம் ஆண்டின் 42-ஆம் வாரம். இன்டெல் பல சில்லுகளில் இதற்கு மாறாகத் தொகுதி எண் ஒன்றைப் பொறித்தது. அதன் முதலெழுத்து தொழிற்சாலையையும், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணையும், அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் என்பதால் 8 என்பது 1978 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டுப்பெயரை மட்டும் குறித்த சுவடிகளுக்குக் காலம் கணித்தவர்கள் பட்ட பாட்டை ஒத்தது இது. இங்கே சுழற்சி பத்தாண்டு. உறையின் வகை, அச்சின் முறை, நிறுவன முத்திரையின் வடிவம் ஆகிய பிற சான்றுகளைக்கொண்டே எந்தச் சுழற்சி என்று முடிவுகட்ட வேண்டும்.

மற்றொன்று, உரிமை ஆண்டு. வட்டத்துக்குள் 'சி' என்ற எழுத்தும் அதனருகே 1978 என்ற எண்ணும் இருந்தால், அந்தச் சில்லு 1978-இல் செய்யப்பட்டது என்று பொருளன்று. அதன் வடிவமைப்பின்மீது அவ்வாண்டு முதல் உரிமை கோரப்படுகிறது என்பதே பொருள். 1986-இல் செய்த 8088 சில்லிலும் 1978 என்றே இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த 8088-இல் மேலே ஏ.எம்.டி.யின் முத்திரையும் கீழே இன்டெலின் உரிமைக்குறியும் ஒருங்கே நிற்பதைக் காணலாம். ஐ.பி.எம். போன்ற பெருநிறுவனங்கள் ஒரே விற்பனையாளரை நம்பியிருக்க விரும்பாமல் இரண்டாம் வழங்குநரை வற்புறுத்தியதன் விளைவு அது. ஏ.எம்.டி., சீமன்ஸ், ஃபுஜிட்சு, என்.இ.சி. எனப் பலர் இவ்வாறு உரிமம் பெற்றனர். மூலநூல் ஒன்று, படியெடுத்த ஊர்கள் பல.

இந்த வட்டத்துள் 'சி' வெறும் அலங்காரமன்று என்பதை ஒரு வழக்கு உலகுக்கு உணர்த்தியது. என்.இ.சி. நிறுவனம் 8086, 8088 ஆகியவற்றுக்கு மாற்றாக வி20, வி30 என்னும் சில்லுகளை வெளியிட்டது. தன் சில்லுகளின் உள்ளே பொதிந்திருந்த நுண்கட்டளைத் தொகுப்பை என்.இ.சி. நகலெடுத்ததாக இன்டெல் குற்றஞ்சாட்ட, 1984 இறுதியில் விவகாரம் நீதிமன்றம் சென்றது. நீதிபதி வில்லியம் கிரே 1989 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். நுண்கட்டளைத் தொகுப்புக்கும் நூலுக்குரிய பதிப்புரிமை உண்டு என்பது தீர்ப்பின் முதற்பகுதி. இன்டெல் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் என்.இ.சி. நகலெடுக்கவில்லை என்றும், அதற்கும் மேலாக, 8086, 8088 ஆகியவற்றின் நுண்கட்டளைமீது தனக்கிருந்த பதிப்புரிமையை இன்டெல் ஏற்கெனவே இழந்துவிட்டது என்றும் நீதிபதி முடிவுசெய்தார். காரணம்? உரிமம் பெற்றவர்கள் செய்து விற்ற சில்லுகளில் உரிமைக்குறி அச்சிடப்படவில்லை. இன்டெல் அதை முறையாகக் கண்காணித்துத் திருத்தவுமில்லை. மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குச் சில்லுகள் குறியின்றி வெளியேறியிருந்தன.

ஒரு துளி மை விடுபட்டது, ஓர் உரிமை பறிபோயிற்று. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த அமெரிக்கா, உரிமைக்குறி கட்டாயம் என்ற விதியை 1989 மார்ச் 1 முதல் நீக்கிவிட்டது. தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆயினும் பழைய சில்லுகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் அல்லவா? இன்று உரிமைக்குறி இல்லாத 8086 அல்லது 8088 ஒன்று நம் கைக்கு எட்டுமானால், அதை அச்சுப்பிழை என ஒதுக்கலாகாது. ஒரு பெருவழக்கின் சான்றுப்பொருள்களில் எஞ்சிய ஒன்றாக அது இருக்கக்கூடும்.

ஊர்ப்பெயரும் மறைந்த கைகளும்

சில்லைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஊர்ப்பெயரோ நாட்டுப்பெயரோ இருக்கும். 'மலேசியா' என்பது அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. தமிழர்க்கு நெடுங்காலமாகப் பழக்கமான பினாங்குத் தீவில் 1972-இல் இன்டெல் தன் முதல் அயல்நாட்டுத் தொழிற்கூடத்தைத் திறந்தது. சிலிக்கான் தகடுகள் அமெரிக்காவில் உருவாகும். அவை கப்பலிலோ விமானத்திலோ பினாங்குக்கு வரும். அங்கே நறுக்கப்பட்டு, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளால் கால்களோடு இணைக்கப்பட்டு, உறையிடப்பட்டுத் திரும்பும். உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து அக்கம்பிகளை இணைத்தவர்களுள் பெருந்தொகையினர் இளம்பெண்கள். சிற்றூர்களிலிருந்து முதன்முறையாகச் சம்பள வேலைக்கு வந்தவர்கள். 1975-இல் அக்கூடம் தீப்பற்றி எரிந்தது, மீண்டும் எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. இணைத்தவர்களுக்கென எஞ்சியிருப்பது அந்த ஒற்றை நாட்டுப்பெயர்தான்.

பிற்காலத்தில் ஏ.எம்.டி. நிறுவனம் இரண்டு நாடுகளையும் குறித்தது. சிலிக்கான் உருவானது ஜெர்மனியில், செய்து முடிக்கப்பட்டது மலேசியாவில் என்று அதன் சில்லுகளின் நெற்றியில் இரண்டு வரிகள் இருக்கும். உழைப்பின் பங்கீட்டை இவ்வளவு நேர்மையாக எழுதிய பொருள்கள் உலகச் சந்தையில் குறைவு.

சோவியத் நாட்டுச் சில்லுகள் வேறொரு நிலத்தின் எழுத்து. அங்கே 8080-ஐ ஆராய்ந்து அதற்கு இணையானதொன்றைச் செய்தனர். முதலில் அதற்குக் 'கே580ஐகே80' என்று பெயர். பிறகு அரசின் தரநிர்ணயப் பெயரிடுமுறை மாறவே, 'கேஆர்580விஎம்80ஏ' ஆயிற்று. பெயரைக் கண்டே இது முற்காலத்தது, இது பிற்காலத்தது எனச் சொல்லிவிடலாம். படைத்துறைக்கு ஏற்கப்பட்டவற்றில் ஒரு சாய்சதுரம் பொறிக்கப்படும். அமெரிக்கச் சில்லின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. சோவியத் சில்லிலோ சரியாக 2.5 மில்லிமீட்டர். 40 கால்கள் கொண்ட சில்லில் இந்த நூலிழை வேறுபாடு கூடிக்கொண்டே போய்க் கண்ணுக்குத் தெரியும் அளவாகிவிடும். எழுத்தை அழித்துப் பெயரை மாற்றினாலும் உடல் தன் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படியெடுப்பைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர்கள் அறியாமலில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சிவாக்ஸ் என்னும் நுண்செயலியில், உறைக்குள்ளே சிலிக்கான் பரப்பின்மீதே ருஷ்ய மொழியில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருந்தது. திருடுவதென்று முடிவுசெய்தால் மிகச் சிறந்ததையே திருடுங்கள் என்னும் கருத்தமைந்த கேலி அது. மொழி தட்டுத்தடுமாறும் ருஷ்யம். உறையை உடைத்து உருப்பெருக்கியில் நோக்கும் ஒருவன் மட்டுமே வாசிக்கக்கூடிய அவ்வரி, எதிர்முகாமில் இருக்கும் முகம் தெரியாத வாசகனுக்காகவே எழுதப்பட்டது.

இரட்டை சிக்மா

நாம் சொல்ல வந்ததன் மையம் இனித்தான் வருகிறது. 1985 அக்டோபரில் அறிமுகமான 80386, இன்டெலின் 32 பிட் காலத்தைத் தொடங்கிவைத்த சில்லு. 1987-இல் அதில் ஒரு குறை கண்டறியப்பட்டது. 32 பிட் எண்களைப் பெருக்கும்போது, சில எண்களுக்கு, வெப்பமும் மின்னழுத்தமும் குறிப்பிட்ட நிலையில் இருந்தால், விடை தவறாகக்கூடும். எல்லாச் சில்லுகளிலும் இக்குறை இல்லை. சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. தோற்றத்தைக்கொண்டு பிரித்தறிய வழியுமில்லை.

இன்டெல் அவற்றைச் சோதித்தது. தேறியவற்றின்மீது கிரேக்க எழுத்தான சிக்மாவை இருமுறை பொறித்தது. தேறாதவற்றை அழித்துவிடவில்லை. அவற்றின்மீது '16 பிட் மென்பொருளுக்கு மட்டும்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அச்சிட்டு விற்றது. அன்று புழக்கத்திலிருந்த மென்பொருள்களுள் மிகப்பெரும்பாலானவை 16 பிட் மென்பொருள்களே என்பதால் அவற்றுக்கும் கொள்வோர் இருந்தனர். இரண்டு குறியும் இல்லாதவை, சோதனைக்கு முன்பே விற்பனையானவை.

ஆக, ஒரே சில்லுக்கு மூன்று பாடங்கள். இரட்டை சிக்மா உடையது, எச்சரிக்கை உடையது, ஏதும் இல்லாதது. சேகரிப்போர் மூன்றையும் தேடுவர். ஆனால் எச்சரிக்கை தாங்கிய சில்லையே நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். ஒரு பொருளைச் செய்தவன் அதன் குறையை, அதன் நெற்றியிலேயே, எவரும் வாசிக்கக்கூடிய சொற்களில் எழுதி விற்றான். கடையில் அளவுகுறைந்த படியை வைத்துக்கொண்டு, 'இது முக்கால் படி' என்று அதன்மேலேயே எழுதிவைத்த வணிகனைப் போன்றது இது. வணிக வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சியன்று.

இதை இன்டெலின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அன்று சில்லை வாங்கியவர்கள் கணிப்பொறி செய்யும் நிறுவனங்களின் பொறியாளர்கள். பெருக்கல் தவறினால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். அறிந்தவனிடம் மறைக்க முடியாது. எழுத்து வெளிப்படையாக இருந்ததற்கு, வாசகன் வலியவனாக இருந்தது ஒரு காரணம்.

மூடிய குறியீடு

ஏழாண்டுகள் கழித்து வாசகர் மாறிவிட்டனர். 386 என்ற எண்ணை வணிகப்பெயராக ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1991-இல் நீதிமன்றம் கூறிவிடவே, எண்ணைக் கைவிட்டுப் 'பென்டியம்' என்ற பெயரை இன்டெல் 1992-இல் சூட்டியது. 1991-இலேயே 'உள்ளே இன்டெல்' என்னும் விளம்பர இயக்கமும் தொடங்கியிருந்தது. சில்லைக் கண்ணால் கண்டிராத பொதுமக்கள், பெட்டியின்மேல் ஒட்டிய ஒட்டுச்சீட்டை நம்பி வாங்கத் தலைப்பட்டனர்.

லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டி ஆராய்ந்து வந்தார். 1994 ஜூனில் அவருடைய கணக்கு ஒத்துவரவில்லை. தம் நிரலிலும் கணிப்பொறியின் பிற உறுப்புகளிலும் பிழை தேடி, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் பென்டியத்தின் வகுத்தலே பிழை என்ற முடிவுக்கு வந்தார். அக்டோபரில் அதைப் பலருக்கும் எழுதினார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியமோ 1.33374 என்றது. வகுத்தலுக்குத் துணைபுரியும் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் போனதே காரணம்.

இன்டெல் இக்குறையை அதே கோடையில் தானும் கண்டிருந்தது. திருத்திய படியையும் ஆயத்தம் செய்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. செய்தி பரவிய பின்னரும், பெரும்பாலானோரைப் பாதிக்காது என்றும், தேவையை மெய்ப்பிப்போர்க்கு மட்டும் மாற்றித்தருவதாகவும் கூறியது. டிசம்பரில் ஐ.பி.எம். தன் பென்டியம் கணிப்பொறிகளை அனுப்புவதை நிறுத்திற்று. டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எவர்க்கும் மாற்றித்தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்கென அது ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர்.

இப்போது அந்தச் சில்லின் நெற்றியைப் பார்ப்போம். 60, 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியங்களில் 'ஏ80501' என்ற மாதிரி எண்ணும், அருகே 'எஸ்எக்ஸ்' எனத் தொடங்கும் ஒரு குறியீடும் இருக்கும். 'எஸ்எக்ஸ்837' என்றிருந்தால் அது பிழையுடைய 66 மெகாஹெர்ட்ஸ் சில்லு. அடுத்துத் திருத்தி வந்த படிக்கு வேறு எண். இவ்வெண்ணுக்கும் அவ்வெண்ணுக்கும் இடையே என்ன வேறுபாடு என்பது இன்டெலின் அட்டவணையைக் கையில் வைத்திருப்போர்க்கே விளங்கும். இரட்டை சிக்மா இல்லை. 'வகுத்தலுக்கு உதவாது' என்ற சொற்களும் இல்லை. குறை எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் வாசிக்க முடியாத எழுத்தில்.

1987-க்கும் 1994-க்கும் இடையே நேர்ந்த மாற்றம் இதுதான். ஒரு சில்லு தன் பிழையைச் சொல்லால் சொன்னது. மற்றது எண்ணுக்குள் ஒளித்தது. பிழையான பென்டியங்களைச் சாவிக்கொத்தாக்கித் தன் ஊழியர்களுக்கு இன்டெல் பின்னாளில் வழங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தையில் மறைத்ததை வீட்டுக்குள் மறக்காதிருக்க அது விரும்பியது போலும். அவையும் இன்று சேகரிப்புப் பொருள்களே.

பொய்யெழுத்து

எழுத்துக்கு மதிப்பு வந்தால் பொய்யெழுத்தும் வரும். 1990-களில் குறைந்த வேகச் சில்லின் எழுத்தை அழித்து, மிகுந்த வேகத்தைப் பொறித்து விற்றவர்கள் பலர். இன்டெல் பின்னர் வேகப் பெருக்கத்தைச் சில்லுக்குள்ளேயே பூட்டிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சேகரிப்புச் சந்தையில் இன்று நடப்பது இதன் மறுபுறம். எளிதில் கிடைக்கும் சில்லின் மேற்பரப்பைத் தேய்த்து, கரும்பூச்சுப் பூசி, அரியதொன்றின் பெயரை எழுதுகின்றனர்.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய, சுவடி ஆய்வாளரின் முறையே இங்கும் துணை. எழுத்தை மட்டும் நம்பாமல் எழுத்து நிற்கும் பரப்பைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறைகளில் அச்சிலிருந்து எடுத்த சிறுகுழி இருக்கும். மேற்பரப்பைத் தேய்த்திருந்தால் அதன் ஆழம் குறைந்திருக்கும், பூச்சு நிரம்பியும் இருக்கலாம். மேற்பரப்பின் சொரசொரப்பும் பக்கங்களின் சொரசொரப்பும் ஒத்திருக்க வேண்டும். மேற்புறத் தேதியும் அடிப்புற நாடும் ஒன்றையொன்று மறுக்கக் கூடாது. ஐயம் எழுந்தால் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஓரத்தில் துடைத்துப் பார்ப்பர். போலிப்பூச்சு பஞ்சில் ஒட்டும். ஆனால் மெய்யான பழைய மையும் கரைந்துவிடக்கூடும் என்பதால் அது இறுதிச் சோதனையாகவே இருக்கத் தகும்.

எழுத்து எவ்வளவு தூரம் சான்றாகும் என்பதற்கு 6502 என்னும் சில்லு நல்ல சாட்சி. எம்.ஓ.எஸ். டெக்னாலஜி 1975-இல் வெளியிட்ட இதில், எண்ணின் பிட்டுகளை வலப்புறமாகச் சுழற்றும் கட்டளை ஒன்று தொடக்கத்தில் இல்லை. 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சில்லுகளில் அது கிடைக்கும் என்று நிறுவனத்தின் கையேடே கூறியது. எனவே வெண்பீங்கான் 6502 ஒன்றின் தேதிக்குறியைப் படித்தால், அது அக்கட்டளையை அறிந்ததா அறியாததா என்று இயக்கிப் பாராமலே ஊகிக்கலாம். 1976-இல் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்ட ஆப்பிள்-1 கணிப்பொறியில் இருந்ததும் இந்த 6502-தான். அவற்றுள் ஒன்று 2014-இல் ஏலத்தில் 9,05,000 டாலருக்கு விலைபோயிற்று. அத்தகைய பலகையில் 1979-ஆம் ஆண்டுத் தேதிகொண்ட சில்லு இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டது என்பது வெளிப்படை. அவ்வாறு இருக்கும் உண்மையான சில்லைப் பிடுங்கிவிட்டுக் காலத்துக்குப் பொருந்தும் வேறொன்றைப் பொருத்துவோர் உண்டு. பழுதாகிப் பழுதுபார்க்கப்பட்ட கணிப்பொறியின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் ஏடு அவ்வாறு கிழிக்கப்படுகிறது.

எஞ்சுவன

பொன்பூசிய பீங்கான் சில்லுகளுக்குப் போலிகளைவிடப் பெரிய பகை உலைதான். கால்களிலும் மூடியிலும் உள்ள சிறிதளவு பொன்னுக்காக மூட்டை மூட்டையாக உருக்கப்பட்டவை எண்ணற்றவை. தலையெழுத்தைப் படித்துப் பார்த்து உருக்கியவர் எத்தனை பேர் இருப்பர்? தப்பியவற்றையும் பளபளப்பாக்கும் ஆசையில் துடைத்துத் துடைத்து எழுத்தழிப்போர் உள்ளனர். பழைய சில்லைக் கையாள்வோர் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: முதலில் படியெடு, பிறகு தொடு. நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் உள்ளவாறே எழுதிவைத்த பின்னரே தூசியைத் துடைக்க வேண்டும். புரியாத குறியைப் பொருளற்றது எனக் கருதலாகாது. இரட்டை சிக்மாவும் ஒருகாலத்தில் பலருக்கு வெறும் கோலமாகத்தான் தெரிந்திருக்கும்.

4004-இன் சிலிக்கான் பரப்பில், ஓர் ஓரத்தில், அதை வரைந்த ஃபெடரிகோ ஃபாகின் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவைத்தார். 8008-இல் ஹால் ஃபீனியின் முதலெழுத்துகள் உள்ளன. உறைக்குள் புதைந்த அவ்வெழுத்துகளை வாங்கியவர் எவரும் காணப்போவதில்லை என்று அறிந்தே அவர்கள் எழுதினர். பிற்காலச் சில்லுகளின் மேற்புறத்திலோ, மனிதக்கண் வாசிக்க இயலாத புள்ளிச் சதுரங்கள் இடம்பிடித்தன. கருவி காட்ட, கருவி வாசிக்கும். எழுத்து தொடர்கிறது, வாசகர் மாறிவிட்டார். இந்த இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பதாண்டுகளில், செய்தவன் சொல்லியதையும் சொல்லாமல் விட்டதையும் வெறுங்கண்ணால் வாசிக்க முடிந்தது. மேசை இழுப்பறையின் அடியிலோ பழைய இரும்புக் கடையின் குவியலிலோ அத்தகைய சில்லு ஒன்று எதிர்ப்படுமாயின், அதை ஒருமுறை திருப்பிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிவைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.